சிங்கிள் காயிலா, டூயல் காயிலா: ஒரே பேட்டரி மாட் வைத்திருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல்சுருள்:

அனைவருக்கும் வணக்கம். சிகரெட்டை விட்டு வேப்பிங்கிற்கு மாறியதிலிருந்து கடையில் கிடைக்கும் ஆயத்தக் காயில்களையே (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்) பயன்படுத்தி வருகிறேன். இப்போது நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைத்துக்கொள்ளும் வகையிலான 24 மில்லிமீட்டர் டேங்க் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன் டெக்கில் (காயிலைப் பொருத்தும் அடித்தளம்) ஒரு காயிலும் பொருத்தலாம், இரண்டு காயில்களும் பொருத்தலாம் என்று அதனுடன் வந்த குறிப்புத்தாள் சொல்கிறது. எதை எப்போது பொருத்துவது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

என்னிடம் உள்ள மாட் (டேங்குக்கு மின்சாரம் தரும் கருவி) ஒரே ஒரு 18650 பேட்டரியில் இயங்குவது. அதிகபட்சம் 80 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் பயன்படுத்தும் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ளது. டூயல் காயில் போட்டால் ஆவியும் சுவையும் இரு மடங்காகும் என்று சிலர் சொல்கிறார்கள். பேட்டரியையும் திரவத்தையும் விழுங்குவதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் காரணத்தை விளக்கியவர்கள் குறைவு. எனக்குப் பெரிய மேகம் விட்டுக் காட்டும் ஆசை கிடையாது. சுவை தெளிவாக இருக்க வேண்டும், பேட்டரி பாதுகாப்பாக இருக்க வேண்டும். விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேகவண்ணன்:

வருக. என்னுடைய பரிந்துரை டூயல் காயில்தான், அதைத் தயக்கமின்றிச் சொல்வேன். இரண்டு காயில்கள் இருக்கும்போது திரவத்தோடு தொடர்பில் இருக்கும் கம்பியின் பரப்பு இரு மடங்காகிறது. ஆகவே ஒரே இழுப்பில் ஆவியாகும் திரவத்தின் அளவும் கூடுகிறது. ஆவி அடர்த்தியாக இருந்தால் நாக்கில் படும் சுவையும் நிறைவாகவே இருக்கும். சிங்கிள் காயிலில் அதே அடர்த்தியைப் பெற வேண்டுமானால் அந்த ஒற்றைக் கம்பியின் மீது அளவுக்கு மீறிய வாட்டை ஏற்ற வேண்டிவரும், அப்போது ஆவி சூடாகித் தொண்டையைக் கீறும். உங்கள் டெக் இரண்டையும் ஏற்கும்போது பாதி இடத்தைக் காலியாக விட்டுவைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஓம்விதி:

மேகவண்ணன் சொன்ன பரப்புக் கணக்கு சரியானது. ஆனால் அந்தப் பரப்பைச் சூடாக்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் தொடவில்லை. கேள்வி கேட்டவரின் நிலையில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 24 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும்) காந்தல் கம்பியை, அதாவது இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியை, 3 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றினால், கால்களையும் சேர்த்து மின்தடை ஏறக்குறைய 0.54 ஓம் வரும். அதே அளவில் இன்னொன்றைச் சுற்றி டெக்கில் பொருத்தினால், வழக்கமான டெக்குகளில் அவை இரண்டும் பக்க இணைப்பில் அமைவதால், மொத்த மின்தடை பாதியாகி 0.27 ஓம் ஆகும். ஒவ்வொரு காயிலின் சுருள் பகுதிக்கும் சுமார் 105 சதுர மில்லிமீட்டர் பரப்பு உண்டு. இத்தகைய காயில் ஒன்று உரிய சூட்டில் வேலை செய்ய 30 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கிளாக இருந்தால் மாட்டில் 30 வைத்தால் போதும். டூயலாக இருந்தால் மாட் கொடுக்கும் வாட் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் 30 கிடைக்க வேண்டுமானால் மாட்டில் 60 வைக்க வேண்டும். டூயல் பொருத்திவிட்டு 30 வாட்டிலேயே இழுப்பவர்கள் ஒவ்வொரு காயிலுக்கும் 15 வாட் மட்டுமே கொடுக்கிறார்கள். அதனால்தான் ஆவி ஆறிப்போய், நீர்த்துப்போய், தாமதமாக வருகிறது. 'டூயலில் சுவையே இல்லை' என்ற புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்து பிறப்பது.

அந்த 60 வாட் பேட்டரியிடம் எவ்வளவு மின்னோட்டத்தைக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாட்டைக் கட்டுப்படுத்தும் மாட்டில் பேட்டரியின் மீது விழும் சுமையை, வாட்டைப் பேட்டரியின் மின்னழுத்தத்தாலும் மாட்டின் செயல்திறனாலும் வகுத்துக் கணக்கிட வேண்டும். பேட்டரி இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும் நேரமே மிகக் கடினமான நேரம் என்பதால் அந்த எண்ணையே எடுக்க வேண்டும். செயல்திறனை 90 விழுக்காடு என்று கொள்ளலாம். 30 வாட்டுக்கு 10.4 ஆம்பியர் வருகிறது. 60 வாட்டுக்கு 20.8 ஆம்பியர். 80 வாட்டுக்கோ 27.8 ஆம்பியர். நல்ல தரமான 18650 பேட்டரிகளில் பரவலாகப் புழங்கும் சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்றவற்றின் தொடர் மின்னோட்ட வரம்பு 20 ஆம்பியர். ஆகவே பெட்டியில் 80 என்று போட்டிருந்தாலும், ஒற்றைப் பேட்டரியில் 55 வாட்டைத் தாண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த 55 வாட்டுக்குள் இரண்டு தடித்த காயில்களுக்கும் வயிறு நிறையாது.

நேரக் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. 3000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 18650 ஒன்றில் சுமார் 10.8 வாட்-மணி ஆற்றல் உள்ளது. இழப்பைக் கழித்துப் பார்த்தால், 30 வாட்டில் பொத்தானை மொத்தமாக 19 நிமிடம் அழுத்தியிருக்கலாம். 60 வாட்டில் அது பத்து நிமிடத்துக்கும் கீழே இறங்கும். அதிகச் சுமையில் மின்னழுத்தம் சரிவதால் உண்மையில் இன்னும் குறையும்.

குறுக்குச்சுற்று:

ஆக, டேங்க் இரட்டை மாடு பூட்டத் தயாராக இருக்கிறது, வண்டிதான் ஒற்றை மாட்டு வண்டி.

மேகவண்ணன்:

ஓம்விதியின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் இரு புறமும் ஒரே கம்பியை வைத்து ஒப்பிடுவதால், டூயல் என்றால் தடித்த கம்பியும் அதிக வாட்டும் என்ற தோற்றம் ஏற்படுகிறது. டூயலுக்கு மெல்லிய கம்பியையும் எடுக்கலாமே.

இதில் ஒரு நுணுக்கம் உள்ளது. கம்பியின் தடிமன் கூடும்போது அதன் மேற்பரப்பு விட்டத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். நிறையோ விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஒரே பரப்பைத் தடித்த ஒற்றைக் கம்பியில் பெற முயன்றால், சூடாக்க வேண்டிய உலோகத்தின் நிறை தேவைக்கு மேல் ஏறிவிடுகிறது. பொத்தானை அழுத்திய பிறகு ஆவி வருவதற்குக் காத்திருக்கும் அந்த நொடி அதனால்தான் நீள்கிறது. அதே பரப்பை இரண்டு மெல்லிய காயில்களாகப் பிரித்துக்கொண்டால் நிறை குறைவு. சூடு விரைவாக ஏறும், பொத்தானை விட்டவுடன் விரைவாக ஆறும். 28 கேஜ் கம்பியில் சுற்றிய இரண்டு சிறிய காயில்கள் 35 வாட்டிலேயே நன்றாக நடக்கும், ஒற்றைப் பேட்டரிக்கும் அது பாரமாகாது. இன்று பலரும் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அவற்றின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிய கிளாப்டன் என்னும் கூட்டுக் கம்பி வகைகளையே டூயலில் போடுவதால், டூயல் என்பதே மின்சாரத்தைத் தின்னும் பூதம் என்ற பெயர் வந்துவிட்டது. குற்றம் கூட்டுக் கம்பியுடையது, எண்ணிக்கையுடையது அன்று.

நிதானன்:

மேகவண்ணன் சொன்ன பரப்பு-நிறைக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிகப் பயனுள்ள வரி அதுதான் என்றும் சொல்வேன். ஆயினும் சிங்கிள் காயிலை விரும்புபவன் என்ற முறையில், அவர் விட்டுவிட்ட காற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சுவை என்பது கம்பியில் உருவாவதோடு முடிந்துவிடுவதில்லை. காயிலிலிருந்து எழும் ஆவியைக் காற்று எவ்வளவு நெருக்கமாக வாரிக்கொண்டு வாய்க்குக் கொண்டுவருகிறது என்பதே பாதிச் சுவையைத் தீர்மானிக்கிறது. சிங்கிள் காயிலுக்கென்றே வடிவமைத்த டெக்கில் காற்றுத்துளை காயிலின் நேர் கீழேயோ அல்லது அதன் இரு பக்கத்திலுமோ ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும். மேலே உள்ள அறையும் சிறியதாக இருக்கும். இழுக்கும் காற்றில் ஏறக்குறைய முழுவதும் காயிலைத் தழுவிக்கொண்டே மேலேறும். டூயல் டெக்கில் அறை பெரியது, துளைகள் இரண்டு, காற்றின் அளவும் அதிகம். அந்தக் காற்றை நிரப்புமளவுக்கு ஆவி உற்பத்தியாகும் வரை சுவை மிக நன்றாகவே இருக்கும். ஆவி சற்றுக் குறைந்தால்கூட எல்லாம் நீர்த்துவிடும். மெல்லிய கம்பியில் 35 வாட்டுக்கு டூயல் கட்டலாம் என்று மேகவண்ணன் சொல்வது மின்கணக்கில் நிற்கும். ஆனால் 35 வாட் தரும் ஆவியை டூயலுக்கான அகலமான காற்றோட்டத்தில் கரைத்து இழுப்பதாக அது முடியும். காற்றுவளையத்தை முக்கால்வாசி மூடி அதைச் சரிக்கட்டலாம் என்பார்கள். மூடினால் துளையின் ஓரத்தில் காற்று வளைந்து, காயிலின் ஒரு முனையை மட்டும் தொட்டுச் செல்லும். மறுமுனை காற்றுப் படாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

இரண்டு வேலையும் செய்யும் டெக்கில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரு காயிலை ஒரு பக்கத்தில் பொருத்திவிட்டு மறுபக்கத்துக் காற்றுத்துளையைத் திறந்தபடி விட்டால், வரும் காற்றில் பாதி வெறுங்காற்று. முதல்சுருள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல்சுருள்:

மூவருக்கும் நன்றி, எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மின்தடை குறைந்தால் பேட்டரி அதிக ஆம்பியர் இழுக்கும், ஆகவே 0.2 ஓம் டூயல் ஆபத்தானது என்று படித்திருக்கிறேன். ஆனால் ஓம்விதி பேட்டரிக் கணக்கில் மின்தடையையே சேர்க்கவில்லையே?

ஓம்விதி:

நல்ல கேள்வி; இரண்டு வேறு கருவிகளுக்கான விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் எழும் குழப்பம் இது.

வாட்டைக் கட்டுப்படுத்தும் மாட்டுக்குள் ஒரு மின்சுற்று இருக்கிறது. காயிலின் மின்தடையை அளந்து, கேட்ட வாட் கிடைக்குமாறு மின்னழுத்தத்தை ஏற்றியோ இறக்கியோ அது கொடுக்கிறது. பேட்டரி பார்ப்பது அந்தச் சுற்றை மட்டும்தான், காயிலை அன்று. எனவே 40 வாட்டில் 0.2 ஓம் டூயலும் 0.8 ஓம் சிங்கிளும் பேட்டரியிடமிருந்து ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தையே இழுக்கும். மின்தடை மிகக் குறைந்தால் காயில் பக்கம் ஓடும் மின்னோட்டம் கூடி, சுற்றின் சொந்த வரம்பில் முட்டிக்கொள்ளும். அப்போது மாட் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், அல்லது கேட்டதைவிடக் குறைந்த வாட்டைக் கொடுக்கும்.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாத மெக்கானிக்கல் மாட் என்றால் கதையே வேறு. அங்கே பேட்டரியும் காயிலும் நேருக்கு நேர் இணைகின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் 4.2 வோல்ட்டை 0.5 ஓமால் வகுத்தால் 8.4 ஆம்பியர், 35 வாட். அதே காயிலில் இன்னொன்றைச் சேர்த்து 0.25 ஓம் ஆக்கினால் 16.8 ஆம்பியர், 70 வாட். 0.15 ஓம் டூயல் 28 ஆம்பியர் கேட்கும். 20 ஆம்பியர் பேட்டரியில் அதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். நீங்கள் படித்த எச்சரிக்கை இந்த வகைக் கருவிக்கானது, அந்த இடத்தில் அது முழுக்க உண்மை. பேட்டரியின் உறை கிழிந்திருந்தாலோ, நடுமுனையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் கெட்டிருந்தாலோ எந்தக் கருவியிலும் அதைப் போடாதீர்கள். உறையை மாற்றச் சில நிமிடம் போதும். உதிரி 18650-ஐச் சாவி, சில்லறையோடு பையில் போட்டுக்கொண்டு திரிவதும் கூடாது.

இரண்டு பேட்டரி மாட் வாங்கும் எண்ணம் பின்னால் வந்தால், சுமை இரண்டுக்கும் பகிர்ந்துபோகும்: 80 வாட்டில் ஒவ்வொன்றும் 13.9 ஆம்பியர் மட்டுமே கொடுத்தால் போதும். டூயல் காயிலுக்கு இயல்பான இருப்பிடம் அதுதான். ஒரே வகை, ஒரே வயதுடைய இரண்டு பேட்டரிகளை ஜோடியாக ஒதுக்கி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் செய்ய வேண்டும் என்பது அங்கே மாறா விதி.

பஞ்சுக்காரர்:

வாட், ஆம்பியர் எல்லாம் நன்று. ஆனால் புதிதாகக் கட்டுபவரை உண்மையில் வாட்டி எடுப்பது பஞ்சுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சிங்கிள் காயிலில் ஒரு திரி, அதற்கு இரண்டு வால்கள், இரண்டு திரவத் துளைகள். டூயலில் வால்கள் நான்கு, துளைகளும் நான்கு. டேங்கில் இந்த நான்கும் ஒரே அளவில் அடைபட வேண்டும். ஒரு வால் அடர்த்தியாகிவிட்டால் அந்தக் காயிலுக்குத் திரவம் ஏறாது; ஒரு வால் தளர்ந்துவிட்டால் அந்தத் துளை வழியே டேங்க் முழுவதும் காற்றுத்துளைக்கு ஒழுகிவிடும். டேங்க் இல்லாமல் பஞ்சில் நேரடியாகத் திரவத்தைச் சொட்டுவிடும், அறை திறந்திருக்கும் ஆர்டிஏ (RDA) வகையில் இந்தத் துல்லியம் அவ்வளவாகத் தேவையில்லை, அங்கே வால்களைக் கிண்ணத்தில் மடித்து வைத்தால் போதும். டேங்கில் மன்னிப்பு கிடையாது.

இதைவிட முக்கியமான ஒன்று. சிங்கிள் காயிலில் பஞ்சு வறண்டால் முதல் இழுப்பிலேயே கருகல் வாடை அடித்துவிடும், உடனே நிறுத்திவிடுவீர்கள். டூயலில் ஒரு திரி வறண்டு மறு திரி நன்றாக நனைந்திருந்தால், நல்ல காயிலின் ஆவி கெட்ட காயிலின் வாடையை மூடி மறைத்துவிடும். சுவை ஏதோ மந்தமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நாள் கணக்கில் அப்படியே இழுப்பவர்கள் உண்டு. வறண்ட பஞ்சின் மீது கம்பி மிதமிஞ்சிச் சூடாகும்போது திரவத்தில் உள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து பார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற கேடான பொருள்கள் உருவாகின்றன. எனவே கருகலை உடனே காட்டிக்கொடுக்கும் அமைப்பு புதியவருக்குப் பாதுகாப்பு என்பதே என் கருத்து.

டூயலுக்குத்தான் திரவம் தாராளமாக ஏறும் என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. திரியின் கொள்ளளவு காயிலின் உள்விட்டத்தைப் பொறுத்தது. 2.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரண்டு காயில்களின் குறுக்குவெட்டுப் பரப்பு மொத்தம் 9.8 சதுர மில்லிமீட்டர். 3.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரே காயிலின் பரப்பு 9.6. வேறுபாடு இவ்வளவுதான். சிங்கிள் கட்டுபவர்கள் 3 மில்லிமீட்டரோடு நின்றுவிடாமல் 3.5-க்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கிளிசரின் 70 விழுக்காடு உள்ள கெட்டியான திரவத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

பஞ்சை நுழைக்கும்போது அது காயிலைச் சற்றே உரசிக்கொண்டு செல்ல வேண்டும், ஆனால் காயிலை இழுத்துக் கோணலாக்கக் கூடாது. வால்களை டெக்கின் வெளிவிளிம்பளவில் வெட்டி, நுனிகளைச் சீவி இளக்கி, துளையின் வாயை மூடுமளவுக்கு மட்டும் தொங்கவிடுங்கள், அடிவரை திணிக்காதீர்கள்.

குறுக்குச்சுற்று:

கருகல்தான் பிரச்சினை என்றால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறையில் டூயலை ஓட்டிவிட்டால் தீர்ந்ததே? மாட்டே பார்த்துக்கொள்ளாதா?

ஓம்விதி:

பார்த்துக்கொள்ளாது, அதுதான் வேடிக்கை. மாட்டில் தனியாக வெப்பமானி எதுவும் இல்லை. சூடேறும்போது கம்பியின் மின்தடை கூடுவதை அளந்தே அது வெப்பநிலையைக் கணிக்கிறது. காந்தலில் அந்த ஏற்றம் மிகச் சொற்பம் என்பதால் இந்த முறைக்கு அது உதவாது. எஸ்எஸ்316எல் துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம், நிக்கல் ஆகியவையே உதவும். டூயலில் மாட் அளப்பது இரண்டு காயில்களின் கூட்டு மின்தடையை. குளிரில் 0.4 ஓம் உள்ள இரண்டு எஃகுக் காயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாக நனைந்து 150 டிகிரி செல்சியசில் இருக்கிறது, மற்றொன்று வறண்டு 280 டிகிரிக்கு ஏறிவிட்டது என்றால், கூட்டு மின்தடையைப் பார்த்து மாட் கணிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 210 டிகிரி. வரம்பை 220-இல் வைத்திருப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். உள்ளே ஒரு பஞ்சு கருகிக்கொண்டிருக்கும். சிங்கிளில் இந்த மறைவு கிடையாது.

இரண்டு காயில்களும் சமமாக அமையாதபோது வாட் முறையிலும் இதன் சாயல் தெரியும். ஒன்று 0.4, மற்றொன்று 0.5 ஓம் என்றால் 60 வாட்டில் முதலாவது 33 வாட்டையும் இரண்டாவது 27 வாட்டையும் எடுத்துக்கொள்ளும். முன்பு சொன்ன 24 கேஜ் காந்தலில் காலின் நீளம் 5 மில்லிமீட்டர் மாறினாலே 0.035 ஓம் வேறுபடும். அதனால் டூயல் கட்டுபவர்கள் பஞ்சு வைக்கும் முன் 10 அல்லது 15 வாட்டில் விட்டுவிட்டு அழுத்திப் பார்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சிவக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். முந்திச் சிவக்கும் புள்ளி இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பின் பீங்கான் இடுக்கியால் சுருளை மெல்லத் தடவியும் நெருக்கியும் சரிசெய்ய வேண்டும். டைட்டானியத்தையும் நிக்கலையும் மட்டும் இப்படிப் பஞ்சின்றிச் சிவக்க வைக்காதீர்கள்.

நிதானன்:

நிக்கோட்டின் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கேட்டவர் 6 மில்லிகிராம் என்று குறிப்பிட்டிருக்கிறார். வாட் இரு மடங்கானால் ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவமும் தோராயமாக இரு மடங்காகிறது. அதோடு உள்ளே போகும் நிக்கோட்டினும் இரு மடங்காகிறது. 6 மில்லிகிராம் திரவத்தை 30 வாட் சிங்கிளில் நிம்மதியாக இழுப்பவர், அதையே 60 வாட் டூயலில் இழுத்தால் தொண்டை எரிச்சலும் தலைச்சுற்றலும் வரலாம். டூயல்காரர்கள் பெரும்பாலும் 3 மில்லிகிராமில் நிற்பது இதனால்தான். நாளுக்கு 5 மில்லிலிட்டர் 6 மில்லிகிராம் திரவமும், 10 மில்லிலிட்டர் 3 மில்லிகிராம் திரவமும் தருவது ஒரே 30 மில்லிகிராம். செலவு மட்டும் இரட்டிப்பு. 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உப்புத் திரவத்தை இத்தகைய டேங்கில், சிங்கிளோ டூயலோ, ஊற்றவே கூடாது. அது சிறிய பாட் கருவிகளின் 10, 15 வாட்டுக்கானது.

இனிப்பு அதிகமுள்ள திரவம் டூயலை விரைவாகக் கறுப்பாக்குவதாகவும் சொல்கிறார்கள். கறுப்பாக்குவது ஓடும் திரவத்தின் அளவுதான். மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் வேறுபாடு சொற்பம். ஆனால் சுத்தம் செய்யும் நாளில் இரண்டு காயில், நான்கு வால் என்பதை மறக்க முடியாது.

முதல்சுருள்:

அப்படியானால் இந்த மாட்டோடு சிங்கிள் காயில்தான் என்று தீர்மானித்துவிட்டேன். எந்தக் கம்பி, எத்தனை சுற்று, எத்தனை வாட்டில் தொடங்குவது, டெக்கின் காலியான பக்கத்தை என்ன செய்வது என்று யாராவது சொன்னால் இன்றிரவே கட்டிவிடுவேன்.

நிதானன்:

24 கேஜ் நைக்ரோம் 80 கம்பியை (நிக்கல்-குரோமியக் கலவை) எடுங்கள். காந்தலைவிட இதன் தன்தடை குறைவு, வளைப்பதற்கும் இணக்கமாக இருக்கும், சூடும் சட்டென்று ஏறும். பஞ்சுக்காரர் சொன்னபடி 3.5 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்றுச் சுற்றினால் 0.45-லிருந்து 0.5 ஓமுக்குள் நிற்கும். மாட் காட்டும் எண் இதிலிருந்து வெகுவாக விலகினால், குறிப்பாக 0.1-ஐ ஒட்டி வந்தால், காயிலோ அதன் காலோ டெக்கின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அழுத்தாமல் பிரித்துப் பாருங்கள். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் நைக்ரோம் வேண்டாம், காந்தலே போதும்.

நான்கு துளைத் தூண்கள் உள்ள டெக்கானால் ஒரே காயிலின் இரு கால்களையும் எதிரெதிர்த் தூண்களில் செருகி, காயிலைக் கூடியவரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே பொருந்துமானால் மறுபக்கத்துக் காற்றுத்துளையை அடைக்க வேண்டும். சில டேங்குகளின் உதிரிப் பையில் அதற்கென்றே ஒரு சிறு அடைப்புக் கட்டை இருக்கும். இல்லையென்றால் காற்றுவளையத்தைத் திருப்பி ஒரு பக்கத்தை மட்டும் மூட முடிகிறதா என்று பாருங்கள். பயன்படாத இரண்டு திரவத் துளைகளையும் மறந்துவிடாதீர்கள்: அவற்றைத் திறந்து விட்டால் இன்றிரவு டேங்க் முழுவதும் மேசையில் இருக்கும். அளவாகப் பஞ்சு வைத்து மூடி, திரவத்தால் நனைத்துவிடுங்கள்.

20 வாட்டில் தொடங்கி, சில இழுப்புகளுக்கு ஒருமுறை இரண்டு இரண்டு வாட்டாக ஏற்றுங்கள். 28-க்கும் 35-க்கும் நடுவே எங்கேயோ உங்கள் இடம் இருக்கும். அந்த 35 வாட்டிலும் பேட்டரியின் சுமை 12 ஆம்பியரை ஒட்டியே இருக்கும் என்பதால் 20 ஆம்பியர் பேட்டரிக்குக் கவலையில்லை.

மேகவண்ணன்:

ஒற்றைப் பேட்டரி, 6 மில்லிகிராம் திரவம், முதல் முறையாகக் கட்டுபவர் என்ற மூன்றும் சேரும் இடத்தில் நானும் சிங்கிளையே ஏற்கிறேன். ஆனால் அந்த டெக்கின் மறுபாதியை நிரந்தரமாக எழுதித் தள்ளிவிடாதீர்கள். இரண்டு பேட்டரி மாட்டும் 3 மில்லிகிராம் திரவமும் கைக்கு வரும் நாளில் 26 கேஜ் நைக்ரோமில், 3 மில்லிமீட்டர் தண்டில், ஒரே நீளக் கால்களோடு இரண்டு காயில்கள் சுற்றி, காற்றை முழுதாகத் திறந்து 50 வாட்டில் இழுத்துப் பாருங்கள். கூட்டுக் கம்பி எதுவும் வேண்டாம். அப்போதும் சிங்கிளே மேல் என்று தோன்றினால் நான் வாதாட மாட்டேன்.

முதல்சுருள்:

கட்டி முடித்தேன், மாட் 0.47 ஓம் காட்டுகிறது, 30 வாட்டில் நன்றாகவே இருக்கிறது, ஒழுகலும் இல்லை. உதிரிப் பையில் அடைப்புக் கட்டை இருந்தது. அது என்னவென்று தெரியாமல் தனியாக எடுத்து வைத்திருந்தேன். 36-ஐத் தாண்டினால் தொடர்ந்து இழுக்கும்போது மூன்றாம் இழுப்பில் சற்று வறட்சி தெரிகிறது. இது பஞ்சு மிகுதியா, குறைவா?

பஞ்சுக்காரர்:

மிகுதி. 35-க்குக் கீழே சரியாக இருந்து மேலே வறண்டால், திரவம் வந்து சேரும் வேகம் போதவில்லை என்று அர்த்தம். பஞ்சு குறைவாக இருந்தால் வறட்சிக்கு முன்பே ஒழுகலோ களகளவென்ற ஓசையோ வந்திருக்கும். திரியை மாற்ற வேண்டாம். டேங்கைக் காலி செய்து, வால்களின் அடிப்பக்கத்தை மட்டும் சீவி மூன்றில் ஒரு பங்கை நீக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.